சந்தைக் கிடாவின் கறி ஏன் கறுத்தது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு அவர் தெருவில் சில வீடுகள் சேர்ந்து இரண்டு கிடா பிடித்துக் கூறு போட்டிருக்கிறார்கள். ஒன்று அதே ஊர்ப் பட்டியில் வளர்ந்தது. இன்னொன்று முந்தின நாள் சந்தையில் வாங்கி, இரவோடு இரவாகக் குட்டியானையில் வந்தது. விடியற்காலை அறுத்தார்கள். மதியத்துக்கு மேல் பார்த்தால் ஊர்க் கிடாவின் கறி நல்ல சிவப்பு. சந்தைக் கிடாவின் கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் கையில் ஒட்டியிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் வாடையும் வந்துவிட்டது. "நோய் பிடித்த ஆட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் சொல்கிறேன். நிம்மதியாக வளர்ந்த ஆட்டைத்தான் இனி வாங்க வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். நிம்மதி கறியில் தெரியுமா?" என்று கேட்கிறார்.

தெரியும். ஆனால் அவருடைய மகள் நினைக்கிற அளவுக்குத் தெரியாது. ஏன் என்று சொல்ல, ஆட்டின் தசைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

உடம்பு சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். 1857இல் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் கல்லீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதனால் வேகமாகத் தாண்டுகிறேன். தசையிலும் அது இருக்கிறது. நன்றாக மேய்ந்து, ஓய்வாக இருக்கிற ஆட்டில் தசையின் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். கிலோவுக்குப் பத்து கிராம், அதாவது இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வாசகரின் கேள்விக்கான பதில் இந்த இரண்டு ஸ்பூனில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கிளைக்கோஜன் துகளின் அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நடுவில் ஒரு சிறு புரதம், விதை மாதிரி. அதிலிருந்து குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலி கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போய் இரண்டாகக் கவைக்கிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகக் கவைக்கிறது. இப்படிப் பன்னிரண்டு அடுக்கு வரை போனால் சுமார் 55,000 குளுக்கோஸ் கொண்ட ஓர் உருண்டை மரம் கிடைக்கும். மரம் என்றால் எல்லாப் பக்கமும் கொழுந்து. அதுதான் சூட்சுமம். அவசரத்துக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான நுனிகளில் ஒரே நேரத்தில் பறிக்கலாம்.

பறிக்கிற நொதியின் பெயர் பாஸ்ஃபாரிலேஸ். அது மேய்கிற விதம் அப்படியே வேலியோர வெள்ளாடுதான். நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கடித்துக்கொண்டே உள்ளே வரும். கவைக்கு நான்கு குளுக்கோஸ் தள்ளி நின்றுவிடும். அதற்கு மேல் அதன் வாய் எட்டாது. அப்போது இன்னொரு நொதி வந்து கவையைச் சரிசெய்து நீட்டிக் கொடுக்கும், மேய்ப்பவர் தொரட்டிக் கோலால் கிளையை இழுத்துக் கொடுப்பது போல. மேய்ச்சல் தொடரும். ஆட்டுக்குள்ளேயே இப்படி ஓர் ஆடு மேய்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சரி, பட்டியைத் திறந்துவிடுவது யார்? பயம். ஆடு மிரண்டால் அட்ரினலின் சுரக்கிறது. அது தசைச் செல்லின் உள்ளே போவதுகூட இல்லை. வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறுகள் குவிகின்றன. அவை ஒரு நொதியை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, அது பாஸ்ஃபாரிலேஸை எழுப்புகிறது. ஒவ்வொரு படியிலும் ஒன்று பலதாகப் பெருகுவதால், கைப்பிடி அட்ரினலினுக்கு மலை போலச் சர்க்கரை இறங்குகிறது. பாஸ்ஃபாரிலேஸைக் கண்டறிந்த கோரி தம்பதிக்கு 1947இல், சுழல் ஏஎம்பியைக் கண்ட எர்ல் சதர்லாந்துக்கு 1971இல், நடுப்படியை விளக்கிய எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் இருவருக்கும் 1992இல் நோபல் கிடைத்தது. இந்த ஒரே சங்கிலிக்கு மூன்று நோபல்! சதர்லாந்தும் கிரெப்ஸும் கோரிகளின் ஆய்வகத்தில் பயின்றவர்கள். இவர்களில் யாரும் கறிக்கடையை நினைத்து ஆராயவில்லை. "இதனால் விவசாயிக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் இவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இப்போது ஆட்டை அறுத்துவிட்டோம். ஆடு செத்துவிட்டது, தசை உடனே சாவதில்லை. ரத்தம் நின்றதால் ஆக்சிஜன் வராது. ஆனாலும் செல்லுக்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அதனால் மிச்சமிருக்கும் கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்து ஓட்டுகிறது. அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. உயிரோடு இருந்தால் ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போயிருக்கும், இப்போது அங்கேயே தங்குகிறது. அமிலத்தை அளக்கும் எண்ணுக்கு பி.ஹெச். என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். உயிருள்ள தசையின் பி.ஹெச். ஏழை ஒட்டி இருக்கும். நல்ல கறியில் அது சில மணி நேரத்தில் 5.5 வாக்கில் இறங்கி நிற்கும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம், அமிலத்தன்மை முப்பது மடங்கு கூடியிருக்கிறது. ஏடிபி தீர்ந்ததும் தசையைச் சுருக்கும் புரத இழைகளான ஆக்டினும் மையோசினும் ஒன்றையொன்று பிடித்தபடி பூட்டிக்கொள்ளும், கறி விறைக்கும். அப்புறம் தசையிலேயே இருக்கும் கால்பெயின் நொதிகள் மெல்ல மெல்ல நார்களை அறுத்து இளக்கும். பப்பாளிக்காயைத் துருவிப் போட்டு நாம் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

சந்தைக் கிடாவுக்கு வருவோம். முந்தின நாள் காலையிலேயே பட்டியிலிருந்து இழுத்து வந்திருப்பார்கள். சந்தை இரைச்சல், நாள் முழுக்க வெயில், தீனியில்லை, தண்ணீரில்லை, நாலு பேர் இடுப்பைப் பிடித்து அமுக்கிப் பார்த்தது, கடைசியில் குட்டியானையில் அறிமுகமில்லாத ஆடுகளோடு நெருக்கியடித்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் கால் ஊன்றப் போராடிய பயணம். இரண்டு ஸ்பூனும் வழியிலேயே செலவாகிவிட்டது. அறுத்த பிறகு அமிலமாக மாற ஒன்றும் மிச்சமில்லை. பி.ஹெச். ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். வாசகர் கண்ட மூன்று குறைகளும் இந்த ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

கறுப்பு ஏன்? அமிலம் சேர்ந்த கறியில் புரதங்கள் நீரைக் கைவிடும், நார்கள் சுருங்கும், இடையில் இடைவெளி விழும். ஒளி அந்த இடைவெளிகளில் பட்டுச் சிதறுவதால் கறி வெளிர் சிவப்பாகத் தெரிகிறது. அமிலம் சேராத கறியில் நார்கள் நீரைப் பிடித்துக்கொண்டு உப்பி, நெருக்கமாக இருக்கும். ஒளி சிதறாமல் உள்ளே போய்த் தொலைந்துவிடும். நம் ஊர்ச் செம்மண் மழை பெய்ததும் ஒரு படி கறுக்கிறதல்லவா? மண் மாறவில்லை, இடுக்குகளில் நீர் நிரம்பி ஒளிச் சிதறல் குறைந்துவிட்டது. அதே கணக்குதான். போதாததற்கு, பி.ஹெச். அதிகமுள்ள கறியில் செல்லின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியா நெடுநேரம் வேலை செய்து ஆக்சிஜனைக் குடித்துவிடும். தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் பளிச் சிவப்பு, சேராவிட்டால் கருநீலம் ஓடிய சிவப்பு.

நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால் பிசுபிசுப்பு. வாடைக்குக் காரணம் கிருமிகளின் பந்தி முறை. கறியில் சர்க்கரை இருந்தால் பாக்டீரியா முதலில் அதைத்தான் தின்னும். அது தீர்ந்த பிறகே அமினோ அமிலங்களில் வாய் வைக்கும், அம்மோனியாவும் கந்தக வாடையும் அப்போதுதான் வரும். சர்க்கரையே இல்லாத கறியில் முதல் பந்தியே அமினோ அமிலம். கிருமிகளைத் தடுக்க அமிலமும் இல்லை. ஆக, நோய் பிடித்த ஆடாக இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. அலைந்து களைத்த ஆடு போதும். இதைக் கறிக்கடைக்காரர்மேல் போட்டுத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். அதிலும் வெள்ளாடு செம்மறியைவிடச் சட்டென்று மிரளும், அதன் கறியில் பி.ஹெச். சற்று உயர்ந்திருப்பது பல நாடுகளில் பார்த்ததுதான்.

"சந்தை ஆட்டைக் கொண்டுவந்த அன்றே அறுக்காதே, கட்டிப் போட்டு நல்லா தீனி போட்டு அப்புறம் அறு" என்று என் பாட்டி சொல்வார். பாட்டி சொன்னது சரி. ஆனால் ஒரு நாள் போதாது என்பது என் கட்சி. நாம் இரண்டு இட்லி தின்றால் குளுக்கோஸ் நேராக ரத்தத்துக்குப் போகும். அசைபோடும் பிராணிக்கு அந்த வசதி இல்லை. தின்ற மாவுச்சத்தைப் பெரும்பாலும் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே பங்கு போட்டுவிடும். அவை விட்டுத்தரும் கொழுப்பு அமிலங்களில் புரோப்பியோனிக் அமிலம் என்பதை வைத்துத்தான் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க வேண்டும். அதனால் தசையின் கிளைக்கோஜன் உண்டியல் நிரம்ப நாளாகும். மாட்டுக்குப் பல நாட்கள் பிடிக்கும். ஆட்டுக்கு இரண்டு மூன்று நாளாவது கொடுங்கள். தழையும் கொடியும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று ராகியை ஒரேயடியாக அள்ளிப் போட்டால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும்.

தனியாகவும் கட்டாதீர்கள். ஆட்டுக்கு முகம் தெரியும். செம்மறிகள் 50 செம்மறி முகங்களை இரண்டு ஆண்டுகள் வரை நினைவில் வைத்திருந்ததை 2001இல் இங்கிலாந்தில் காட்டினார்கள். பழகிய முகம் பக்கத்தில் இருந்தால் மிரட்சி குறையும். ஒரு பிராணியை இன்னொன்றின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது என்று நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. அதை யாரோ இளகிய மனதுக்காரர்கள் எழுதியது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கறியின் தரத்துக்கும் அது நல்ல விதிதான்.

இனி மகளின் கேள்வி. இங்கேதான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கறியின் பி.ஹெச். சொல்வது கடைசி இரண்டு மூன்று நாள் கதையை மட்டும். ஆறு மாதம் கட்டுத்தறியை விட்டு அவிழ்க்காமல் வளர்த்த கிடாவைக் கடைசி மூன்று நாள் ராஜா மாதிரி கவனித்தால் கறி அருமையாக இருக்கும். ஆயுள் முழுக்கக் கரட்டில் மேய்ந்த ஆட்டை ஒரே இரவில் அலைக்கழித்தால் கறி கறுக்கும். வளர்த்த விதத்தின் தடயம் வேறு இடங்களில் கொஞ்சம் உண்டு. நடந்து மேய்ந்த ஆட்டின் தொடையில் மயோகுளோபின் கூடும், வயது ஏற ஏறச் சவ்வு முறுகும். ஆனால் "இது நிம்மதியாக வாழ்ந்தது" என்று எந்தக் கறியும் முழுசாகச் சொல்லாது. ருசிக்காக மட்டும் நல்ல வளர்ப்பைத் தேடுகிறவர் பாதி வழியில் ஏமாறக்கூடும். ஆட்டுக்காகத் தேடுகிறவர் பட்டிக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. அது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் முடிகிற காரியம். நகரத்தில் பாக்கெட்டில் ஒட்டிய பசுமைப் படத்தை நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே பட்டி நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

வயலின் மண்ணை எடுத்துப்போய் பி.ஹெச். பார்க்க நமக்குத் தெரியும். அதே வேலையைச் செய்யும், ஊசிமுனை வைத்த ஒரு கருவியைக் கறியில் குத்திப் பார்க்கலாம். இறைச்சிக்கென்று தனி தேசிய ஆராய்ச்சி மையம் ஹைதராபாத்தில் 1999இலிருந்து இருக்கிறது. நம் பக்கத்துப் போச்சம்பள்ளி, குந்தாரப்பள்ளி, நல்லம்பள்ளிச் சந்தைகளிலிருந்து கிளம்பும் ஆடுகள் எந்த பி.ஹெச்.சில் கறியாகின்றன என்று யாராவது ஓராண்டு குறித்து வைத்தால், சந்தைக்கு நிழற்கூரையும் தண்ணீர்த் தொட்டியும் கேட்பதற்கு அதைவிட நல்ல மனு வேண்டாம். ராக்கெட்டுக்கு ஆகும் செலவில்லை இது.

கோயில் கிடா பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு துளுக்கினால்தான் சாமி உத்தரவு என்று காத்திருப்பார்கள். ஈரம் பட்டால் பாலூட்டிகள் உடம்பை உதறும். அந்த உதறலைத் தூண்டும் தொடு நரம்புகளை 2024இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலியில் அடையாளம் கண்டார்கள். எனக்கு அந்த உத்தரவில் நம்பிக்கையில்லை. ஆனால் எல்லோரும் சத்தத்தை நிறுத்தி, ஆட்டைப் பிடிக்காமல் விட்டு நிற்கும் அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடிக்கும். மேளத்தையும் வெடியையும் ஆட்டின் காதருகே கொண்டுபோகாமல் இருந்தால் இன்னும் பிடிக்கும்.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. கறி கறுத்துவிடும் என்ற பயத்தில் அடுத்த முறை அறுத்த கையோடு ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். விறைப்பதற்கு முன்பே தசை வேகமாகக் குளிர்ந்தால், செல்லுக்குள் அடைபட்டிருக்கும் கால்சியம் கசிந்து நார்கள் பயங்கரமாகச் சுருங்கிக்கொள்ளும். நியூசிலாந்துக்காரர்கள் ஏற்றுமதி ஆட்டுக்கறி ஏன் ரப்பராகிறது என்று தேடியபோது 1960களில் இதைக் கண்டுபிடித்தார்கள். விடியற்காலை அறுத்த கறியில் சமைக்கிறதுபோக மிச்சத்தை, நிழலில் மூடி, காற்றோட்டமாக விறைக்கும்வரை தொங்கவிடுங்கள். அப்புறம் குளிர்பெட்டிக்குள் போகட்டும்.