கச்சான் காற்றும் சுமாத்திராச் சாம்பலும்

மட்டக்களப்பின் கல்லடியில் மீனவர் கூட்டமொன்றில் எரிமலைச் சாம்பல் பற்றிப் பேசி முடித்தேன். பெரியவர் ஒருவர் எழும்பினார். "தம்பி, ஆனி ஆடியில கச்சான் மேற்கால இருந்து அடிக்கும். சுமாத்திரா கிழக்கால கிடக்கு. சாம்பல் எப்பிடி இஞ்ச வரும்?"

கடலிலேயே காற்றைப் படித்தவரின் கேள்வி அது. கச்சான் நிலத்தை ஒட்டி வீசுவது. அதே மாதங்களில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் வேறொரு வேகக்காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. பெரிய வெடிப்பின் சாம்பல் அவ்வளவு உயரம் எழுந்தால், அந்தக் காற்று அதை எங்கள் பக்கம் தள்ளிவிடும்.

இப்படி மேற்கே வந்ததற்குத் தடயம் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் டோபா எரிமலை வெடித்தது. மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரம். அதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடிச்சேற்றிலும் இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் படையாகக் கிடக்கிறது. சாம்பல் என்கிறோமே தவிர, அடுப்புச் சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கண்ணாடிச் சில்லுகள். உடைந்த குமிழியின் ஓடுபோல வளைந்து, விளிம்பெல்லாம் கூராக இருக்கும். அந்தக் கண்ணாடியின் இரசாயனச் சேர்மானத்தை வைத்தே எந்த எரிமலையின் பிள்ளை என்று பிடிக்கிறோம்.

தடிப்பை அளப்பதில்தான் ஏமாறுவோம். ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் டோபாப் படை 2 மீற்றருக்கும் மேல். ஆனால் வானத்திலிருந்து நேரே விழுந்தது அடியிலுள்ள சில சென்ரிமீற்றர்தான். மிச்சம் மழை கழுவிக் கொண்டுவந்து சேர்த்தது, மாரி வெள்ளம் எங்கள் வயல்களில் வண்டலைக் குவிப்பதுபோல. விழுந்ததை மட்டும் பிரித்து, பல இடங்களில் தடிப்பையும் சாம்பல் மணியின் பருமனையும் அளந்து, ஒரே தடிப்புள்ள இடங்களை வரைபடத்தில் கோடாக இணைப்போம். தூரம் போகப்போகப் படை எவ்வளவு விரைவாக மெலிகிறது என்பது வெடிப்பின் அளவைச் சொல்லும். பிறகு அதே வெடிப்பை ஒவ்வொரு மாதக் காற்றிலும் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்.

மண் எல்லாவற்றையும் காப்பாற்றி வைப்பதில்லை. எங்கள் வாவிச் சேற்றின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். டோபாவைத் தேடி அதில் குழாய் இறக்கிப் பயனில்லை. மெல்லிய படையை நண்டும் புழுவும் கிளறிக் கலைத்துவிடும். 1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபின், செப்டெம்பரில் இலங்கையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அந்தத் தூசு கண்ணுக்குத் தெரியும் படை எதையும் எங்கள் நிலத்தில் விட்டுவைக்கவில்லை. அதனால் மண்ணில் எண்ணிக் கிடைக்கும் வெடிப்புகளைக் குறைந்தபட்சம் என்றே நான் கணக்கில் எடுக்கிறேன்.

டோபா அளவு வெடிப்பு மிக மிக அரிது; அதை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன். மெல்லிய தூசு வந்தாலும் செய்யவேண்டியது சில உண்டு: கிணற்றை மூடுங்கள், கூரைப் பீலியைத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து கழற்றிவிடுங்கள், மாட்டைத் தூசு படிந்த புல்லில் மேயவிடாதீர்கள், முகக்கவசமில்லாமல் முற்றம் கூட்டாதீர்கள்.