48 சரியான எண்தான், ஆனாலும் கர்னல் விழுந்தது

நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர் ஜொனாதன் லூனி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2019 ஜூன் 17 அன்று வெளியே தெரிந்தது. பெயர் சாக் பேனிக். பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. வெளியிலிருந்து கணக்குப் பார்த்து அனுப்பிய சில பாக்கெட்டுகளே சர்வரைச் சாய்த்துவிடும். கர்னல் 2.6.29 முதல், அதாவது 2009 முதல், அந்த ஓட்டை அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் வந்த எண்ணைக் கர்னல் சோதிக்காமல் விடவில்லை. தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் டிசிபி இணைப்பு தொடங்கும்போது எதிர்முனை, 'ஒரு துண்டில் இவ்வளவு பைட்தான் அனுப்பு' என்று எம்எஸ்எஸ் அளவைச் சொல்லும். ஈத்தர்நெட்டில் வழக்கமாக 1460. யாராவது வேண்டுமென்றே மிகச் சிறிய எண்ணைச் சொன்னாலும் கர்னல் 48க்குக் கீழே இறங்காது. அதில் டிசிபி ஆப்ஷன்கள் என்ற கூடுதல் குறிப்புகளுக்கு 40 போனால் தரவுக்கு மிஞ்சுவது 8 பைட்.

இனிதான் கணக்கு. 'இன்னின்ன துண்டுகள் வந்து சேர்ந்தன' என்று எதிர்முனை சாக் என்ற ஒப்புகை மூலம் சொன்னதும், அனுப்பிய கர்னல் தன் வரிசையில் உள்ள அந்தத் துண்டுகளை ஒரே பஃபராக (தற்காலிக நினைவிடம்) ஒட்டி வைக்கும். எக்ஸ்86 இயந்திரத்தில் ஒரு பஃபருக்கு 17 பகுதிகள், பகுதிக்கு 32 கிலோபைட் வரை. மொத்தம் 5,57,056 பைட். எட்டால் வகுத்தால் 69,632 துண்டுகள். எண்ணி வைக்கும் இடமோ 16 பிட், 65,535க்கு மேல் கொள்ளாது. கணக்கு உதைப்பதைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் சோதனை கர்னலையே நிறுத்திவிடும். 17 சரி, 32 சரி, 8ம் சரி. பெருக்கிப் பார்க்கத்தான் ஆளில்லை.

கர்னல் நிரலாளர் எரிக் டூமாசேயின் திருத்தம் சில வரிகள்தான். ஒட்டுவதற்கு முன், சேர்ந்த நீளம் 65,535 × 8ஐ எட்டுமா, எண்ணிக்கை 65,535ஐத் தாண்டுமா என்று பார்க்கிறது. ஆமென்றால் ஒட்டாமல் திரும்பிவிடுகிறது. ஒட்டாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. (கூடவே வந்த இன்னொரு திருத்தம் நினைவக வரம்பை அதிகமாக இறுக்கி, மிகச் சிறிய பஃபர் வைத்திருந்த நிரல்களைத் திணறடித்தது. அப்புறம் அதற்கும் ஒரு திருத்தம் வந்தது.)

அந்த வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் போயிருந்தேன். திருத்தம் போட்டாயிற்று என்று பட்டியலில் எல்லாச் சர்வருக்கும் பச்சை டிக். ஒன்றில் நுழைந்து, ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' அடித்தால் பழைய கர்னல்! அப்டைம், அதாவது ரீபூட் இல்லாமல் ஓடிய காலம், 400 நாளுக்கு மேல். புதியது டிஸ்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, ரீபூட் செய்யத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. உங்கள் சர்வரிலும் பேக்கேஜ் பட்டியலை நம்பாமல் 'யூநேம் -ஆர்' ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

ரீபூட் செய்யச் சொன்னால், காலாண்டு முடிவு, பில்லிங் ஓடுகிறது என்றார்கள். சாக்கையே அணைக்கலாம்தான், ஆனால் பாக்கெட் தொலையும் பாதைகளில் வேகம் அடிவாங்கும். சரி என்று, 500 வரையிலான எம்எஸ்எஸ் கேட்டு வரும் இணைப்புகளை லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தடுத்தோம். அந்தத் தடுப்பு பலிக்க, பாக்கெட் அளவைக் கர்னல் தானே மாற்றிப் பார்க்கும் எம்டியூ புரோபிங் அணைந்திருக்க வேண்டும். பார்த்தால் அது 1 என்று கிடந்தது. அதை 0 ஆக்கினோம். புதிய முகவரி முறையான ஐபிவி6க்குத் தனி விதி வேண்டும் என்பது இரவு பதினொரு மணிக்குத்தான் உறைத்தது. ஞாயிறு விடிகாலையில் ஒருவழியாக ரீபூட்டுக்குச் சம்மதித்தார்கள்.