கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஆதார் நகல்: சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய தரவுச் சட்டம்

பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தான். என் ஃபைலுக்குக் கீழே யார் யாருடையதோ ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். "இதெல்லாம் அழிக்கறதில்லையா?" என்றேன். "மறுபடி கேட்டு வருவாங்க சார், அதான் வெச்சிருக்கோம்" என்றான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இப்படிக் கிடந்த நகல் ஒன்றை வைத்து யாரோ கடன் வாங்கிவிட, வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் மாதக்கணக்கில் நடந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள், அந்த அறிவிப்பின்படி, 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

"நம்ம சின்னக் கடைதானே, நமக்கு எதுக்கு?" என்பதுதான் எல்லோரும் விழும் முதல் குழி. விற்றுமுதல் இவ்வளவுக்குக் கீழே என்றால் விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு தரலாம் என்று 17(3)-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கு அரசு தனியாக அறிவிக்கை வெளியிட வேண்டும். அப்படியே வந்தாலும், தகவலைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் கசிந்தால் தெரிவிக்கும் பொறுப்பும் அந்த விலக்கில் அடங்காது. பத்திரமாக வைக்கத் தவறியதற்கு உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். தெருமுனைக் கடைக்கு அவ்வளவு போடமாட்டார்கள். எவ்வளவு பாதிப்பு, திரும்பத் திரும்ப நடந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் தொகை முடிவாகும். ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்றும் சட்டம் சொல்லவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். பேப்பரில் மட்டும் எழுதி வைத்தால் இந்தச் சட்டம் வராது. அதே பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்தாலோ எக்செலில் ஏற்றினாலோ வந்துவிடும். இன்றைக்கு எந்தக் கடையில்தான் போட்டோ எடுக்காமல் இருக்கிறார்கள்?

போன் நம்பர் விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். மருந்துக்கடையில் ஒருவர் தானாகவே நம்பர் கொடுத்து, பணம் கட்டியதற்கு ரசீதை மெசேஜில் கேட்டால் அனுப்பலாம்; இந்த உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அதே நம்பருக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். "எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறேன்" என்று ஃபாரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டு வைப்பது உதவாது. எதற்கு வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும். பிரச்சினை வந்தால், சம்மதம் வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வாய்வார்த்தையாக "சரிங்க" என்று அவர் சொன்னதை அங்கே நிரூபிப்பது கடினம். நம்பர் தராவிட்டால் பில் போடமாட்டேன் என்று அடம்பிடிப்பது தவறு என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது.

டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள்தான். மார்க்கையும் போட்டோவையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடப் பிள்ளை தலையாட்டினால் போதாது, பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கணக்கு எழுதும் ஆடிட்டர் ஆபீசிலோ பில்லிங் சாஃப்ட்வேர்காரரிடமோ கசிந்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேலையை விட்டு நின்ற பையனின் போனில் கடை வாட்ஸ்அப் இன்னும் திறந்திருக்கிறதா என்று 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், 2027 வரை காத்திருக்க வேண்டாம்.

கடை போன் தொலைந்தால்? வாடிக்கையாளர் தகவல் அதில் இருந்தால் அதுவும் கசிவாகவே கருதப்படலாம். பிரிவுகள் அமலானபின், இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றிச் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒருவர் தகவல்தானே போனது என்ற சலுகை கிடையாது. காவல் நிலையத்தில் "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கப் புகார் நகல் கேட்கும். பணம் போயிருந்தால் நிலையத்துக்கு நடப்பதற்கு முன்பே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் நிலைமையும் கேளுங்கள். அவர் முதலில் கடைக்காரரிடமே புகார் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 90 நாள் வரை காத்திருக்கலாம். அப்புறம்தான் வாரியம். அங்கே அபராதம் விதித்தாலும் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக் கஜானாவுக்குப் போகும். நொந்தவர் கைக்கு ஒரு பைசா வராது. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. அதனால் கொடுக்கும்போதே கவனம் தேவை: ஆதார் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

"என் தகவலை அழியுங்கள்" என்று யாராவது கேட்டால் பதறிப்போய் பில்லையும் அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் இருக்கட்டும், விளம்பரப் பட்டியலிலிருந்து நம்பரை எடுத்துவிட்டு அதை அவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. "டேட்டா சட்டத்தில் பதிவு செய்யணும், சர்டிபிகேட் வாங்கணும், ஆபீசர் நியமிக்கணும்" என்று பணம் கேட்டுக் கடை ஏறுபவர்கள் வருவார்கள். சாதாரணக் கடைக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டியது அரசு தனியாக அறிவிக்கும் பெரிய நிறுவனங்கள் மட்டுமே. எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள்.