நாலு மாதம் சதுரங்கம் மட்டும்

அப்பா இறந்துபோனால் தெருவே வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதே அப்பா சிறைக்குப் போனால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு யாரிடம் போய் அழுவது என்றுகூடத் தெரியாது.

குழந்தைகள் மனநல ஆலோசகராக, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையாக வரும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எங்கிருந்தோ நல்ல மனதோடு வருகிறார்கள். அந்த நல்ல மனதே சில சமயம் காயப்படுத்திவிடும். ஒருமுறை ஒருவர், பத்து வயதுப் பையனின் தலையில் கை வைத்து, "இவன் அப்பா திருந்தி வரணும்" என்று எல்லார் முன்னாலும் உரக்கப் பிரார்த்தித்தார். பையன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அதுவரை அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவே இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2000-ல், சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு பெரியவரைச் சேர்த்துவைக்கும் 'அமாச்சி' என்ற திட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் அந்நகரின் முன்னாள் மேயர் வில்சன் கூட். அவருக்கு 14 வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவே சிறைக்குப் போனவர். தேவாலயங்களிலிருந்து வந்தவர்களிடம் அங்கே கேட்டது இவ்வளவுதான்: வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஒரு வருடம்.

அந்த ஒரு வருடத்தை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோகும் துணை, பிள்ளையின் தன்மதிப்பை முன்பைவிடக் குறைத்துவிடுகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போய்விட்ட வீடு அது. முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தப்பே இல்லை.

அப்புறம், என்ன குற்றம் என்று கேட்காதீர்கள். "சீக்கிரம் வந்துடுவார்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வளர்ப்பவரின் சம்மதம் இல்லாமல் மதம் பேசாதீர்கள். பிரார்த்தனைக்கு வந்தால்தான் துணை என்று நிபந்தனையும் வைக்காதீர்கள்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சிறையில் இருக்கும் ஒரு சிறுமியோடு நாலு மாதம் சதுரங்கம் மட்டுமே ஆடினார். ஐந்தாவது மாதம் ஒருநாள், குதிரையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அம்மாவைப் பார்க்கப் போனா என்ன பேசுறதுன்னே தெரியல தாத்தா."

அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "இந்த ஆட்டத்தைச் சொல்லேன்மா."

அன்று ஆட்டத்தை முடிக்கவில்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து மடித்து எடுத்துப் போனாள், அடுத்த நகர்வை அம்மாவிடம் கேட்டு வர.