குயில்ட்: 'ஒட்டுப்போர்வை' என்று சொல்லிவிட்டால் சரியா?

டிசம்பர் கடைசி வாரம், அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, வெளியே பனி கொட்டி, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நேரத்தில் நிறையப் பேர் மடியில் துணித்துண்டுகளைப் பரப்பிக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் குயில்ட் என்பார்கள். தமிழில் எழுதும்போது நாம் அதை 'ஒட்டுப்போட்ட போர்வை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சிக்கல் என்னவென்றால், குயில்ட் என்ற சொல்லுக்குள் ஒட்டும் இல்லை, துண்டும் இல்லை.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒரு துணி, நடுவில் பரத்திய பஞ்சோ கம்பளியோ, அடியில் இன்னொரு துணி. நடுவில் இருப்பது ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளாமல் இருக்க, மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் போகும் தையல் போடுவார்கள். அந்தத் தையல்தான் குயில்ட்டிங். மேல்துணி ஒரே துணியாக இருக்கலாம், இருநூறு துண்டுகளை இணைத்ததாகவும் இருக்கலாம், அதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பதற்குப் பெயர் பீசிங், அப்படிச் சேர்ந்து வரும் துணிக்குப் பெயர் பேட்ச்வொர்க். விடுமுறையில் மடியில் வைத்துக்கொண்டு செய்வது பெரும்பாலும் இந்த பீசிங்தான். குயில்ட்டிங் அதற்கு அப்புறம் வரும் வேலை, சில வீடுகளில் வராமலே போகிற வேலை.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. லத்தீனில் குல்கிட்டா என்று ஒரு சொல் உண்டு. மெத்தை, திண்டு, எதையாவது திணித்த பை, இவைதான் பொருள். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து குயில்ட் ஆயிற்று. அதாவது முதலில் கீழே போட்டுப் படுத்ததுதான், போகப்போக மேலே ஏறிப் போர்வையாயிற்று. இதே லத்தீன் சொல்லோடு 'குத்திய' என்ற பொருளில் இன்னொரு சொல் சேர்ந்து, ஊசியால் குத்திக் குத்தித் தைத்த மெத்தை என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் குயில்ட்டை கூர்த்புவான்த் என்பது அதன் மிச்சம். ஆங்கிலத்தில் படுக்கை விரிப்புக்குக் கவுன்டர்பேன் என்று ஒரு பழைய சொல் இருக்கிறதே, அதுவும் இதே தொடர் காதில் மாறி விழுந்து பிறந்ததுதான். 'கவுன்டர்' என்றதும் எதிர் என்று பொருள் தேடிப் போனால் வழி தவறிவிடும்.

பஞ்சை நடுவில் வைத்துத் தைக்கும் வழக்கம் படுக்கையில் மட்டும் இருக்கவில்லை. ஐரோப்பாவின் இடைக்காலப் படைவீரர்கள் இரும்புக் கவசத்துக்கு அடியில் இப்படித் தைத்த தடித்த அங்கி போட்டுக்கொண்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஆக்டன் என்று ஒரு பெயர், அது பருத்தியைக் குறிக்கும் அரபுச் சொல்லான அல்குத்ன் என்பதிலிருந்து வந்தது. காட்டன் என்று நாம் தினமும் சொல்வதும் அதே குத்ன்தான்.

இரண்டு பழைய பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஒன்று 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் குயில்ட். அதன் பகுதிகள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. லினன் துணியில், டிரிஸ்டன் என்ற இடைக்கால ஐரோப்பியக் கதை வீரனின் கதைக் காட்சிகளைத் தைத்து, உருவங்கள் புடைத்துத் தெரியும்படி உள்ளே பஞ்சு திணித்திருக்கிறார்கள். குயில்ட்டுக்கு இலக்கணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன், ஆனால் அதன் அழகு முழுக்கத் தையலிலும் புடைப்பிலும்தான், வண்ணத் துண்டுகளுக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைத்திருக்கும் ஒரு பட்டு விரிப்பு. முழுக்க முழுக்கத் துண்டுகளை இணைத்தது. அதைக் கவர்லெட், அதாவது மேல்விரிப்பு என்றுதான் குறிப்பிடுகிறார்கள், குயில்ட் என்பதில்லை. துண்டு இருந்தும் குயில்ட் இல்லை, துண்டு இல்லாமலும் குயில்ட் உண்டு.

இந்தத் துண்டு வேலை ஐரோப்பாவில் பெருகியதில் நம் கரைக்கும் பங்கு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து, மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைகள் வழியாகப் பூ வரைந்த பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாகப் போயின. ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பது இதுதான். இம்பூரல் என்கிற சாயவேரில் எடுத்த சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகாது, ஐரோப்பியத் துணிக்காரர்களுக்கு அந்த வித்தை அப்போது கைவரவில்லை. அவர்கள் பிழைப்பு போய்விடும் என்று பிரான்ஸ் 1686-இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது, இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. விலை உயர்ந்த துணியின் ஓரத்தைக்கூட வீசியெறிய மனம் வருமா? சின்ட்ஸில் இருந்த பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் பரப்பி வைத்துத் தைத்தார்கள். அந்த முறைக்குப் பின்னாளில் 'பாரசீகப் பூவேலை' என்ற பொருளில் பிரெஞ்சில் பெயர் வைத்தார்கள். துணி போனது நம் கரையிலிருந்து, பெயர் தட்டிக்கொண்டு போனது பாரசீகம்!

அதனால், குயில்ட் என்றாலே ஏழ்மையில் பிறந்தது என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டும் சின்ட்ஸும் வீட்டில் கிடந்தவர்கள் தைத்தவைதான் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய விரிப்புகளில் பல. வறுமையின் குயில்ட்டும் உண்டு, அது வேறு கதை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் மாவும் கோழித்தீவனமும் வந்த துணிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தார்கள், சாக்குக் கம்பெனிகளும் அதைத் தெரிந்துகொண்டு சாக்கிலேயே பூ அச்சடித்து விற்றன. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த பெண்கள், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளைக் கிழித்துக் குளிருக்காகத் தைத்தவை 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின, 2006-இல் அஞ்சல்தலையிலும் வந்தன.

சரி, குளிர்காலத்தில் ஏன் பீசிங்? இடம்தான் காரணம். மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டித் தைக்க ஒரு பெரிய மரச்சட்டம் வேண்டும், அது அறையையே அடைத்துக்கொள்ளும். சின்ன வீடுகளில் அதைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் மேலே இழுத்துவிடுவார்கள். பீசிங்குக்கு மடி போதும். அடுப்புப் பக்கமோ சன்னல் பக்கமோ உட்கார்ந்து குளிர்காலம் முழுக்கத் துண்டு சேர்ப்பது, வெயில் வந்ததும் சட்டத்தை விரித்துப் போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சேர்ந்து தைப்பது என்று பல ஊர்களில் வைத்திருந்தார்கள்.

கையால் செய்வதில் எனக்குப் பிடித்தது அறுகோண முறை. கெட்டித் தாளில், பக்கம் ஓர் அங்குலம் இருக்கும்படி அறுகோணங்கள் வெட்டிக்கொள்ள வேண்டும். துணியை அதைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக வெட்டி, தாளை நடுவில் வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து நூலோட்டிவிட வேண்டும். இப்படி மடித்த இரண்டு துண்டுகளை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு விளிம்பை மட்டும் சின்னச் சின்னத் தையலாகச் சுற்றிச் சுற்றிப் பிடித்து வர வேண்டும். இதில் கைப்பக்குவம் எங்கே என்றால், ஊசி மடிப்பின் நுனியில் இரண்டு மூன்று இழைகளைத்தான் தொட வேண்டும், தாளைக் குத்தக் கூடாது. தாளில் பட்டால் ஒரு சரசரப்பு கேட்கும், உடனே பின்வாங்கிவிடலாம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று வைத்தால் ஒரு பூ. ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகுதான் அதன் தாளை உருவ வேண்டும், அவசரப்பட்டு முன்னாலேயே உருவினால் துணி இழுபட்டு வடிவம் கெட்டுப்போகும். 1920, 30-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தைத்த 'பாட்டியின் பூந்தோட்டம்' என்ற வடிவம் இந்தப் பூக்களை அடுக்கியதுதான். தாளை உருவாமலே விட்டுப்போன பழைய விரிப்புகளுக்குள் கடிதங்களும் கணக்குத் தாள்களும் செய்தித்தாள்களும் அறுகோணமாகக் கிடக்கும், அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தை ஊகிக்கிறார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ஒட்டு என்றால் நமக்கு என்ன? கிழிசல்மேல் இன்னொரு துணி வைத்துத் தைப்பது. ஒன்றன்மேல் ஒன்று. பீசிங்கிலோ விளிம்போடு விளிம்பு சேர்கிறது. ஆகவே ஒட்டுவேலை என்ற சொல் பொருந்துவது ஒரு துணிமேல் இன்னொரு துணியில் வெட்டிய உருவத்தை வைத்துத் தைக்கும் அப்ளிக்கேவுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்கும் கோயிலுக்கும் தொங்கவிடும் தொம்பையில் பார்க்கிறோமே, அந்த வேலை. அதை விட்டுக்கொடுத்து பீசிங்குக்கும் அதே சொல்லைப் போட்டால் இரண்டும் கெட்டது.

பீசிங்குக்குப் பழந்தமிழில் நல்ல சொல் இருக்கிறது: துன்னல். பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பார்க்கப் போகும் பொருநன் உடுத்தியிருப்பது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. வேறு நூல் புகுந்து புகுந்து தைத்த கந்தல் என்று பொருள். ஈரும் பேனும் குடியிருந்த அந்தத் துணியை நீக்கிவிட்டு அரசன் பாம்புத்தோல் போல மெல்லிய துணி கொடுக்கிறான். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் துன்னகாரர் என்று தையற்காரர்கள் வருகிறார்கள். துன்னுதல் என்றால் நெருங்குதல், பொருந்துதல் என்றும் பொருள், விளிம்பும் விளிம்பும் நெருங்கிச் சேர்கிற வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில், யாழின் தோல் உறையை 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' என்கிறார் முடத்தாமக்கண்ணியார். பொல்லம் பொத்துதல் என்றால் இரண்டு ஓரத்தைக் கூட்டித் தைத்தல். போர்வை என்றே வருகிறது, சொல்லும் கம்பீரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் இன்று பொத்தல் என்றால் ஓட்டை. தைத்து அடைத்ததைச் சொல்ல வந்து 'பொத்துப் போர்வை' என்று எழுதினால் படிக்கிறவர் கிழிந்த போர்வை என்றுதான் எடுத்துக்கொள்வார், வேண்டாம்.

குயில்ட்டுக்கு மெத்தைப் போர்வை என்றால் லத்தீன் மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் மெத்தைக்குப் போடும் உறை என்று புரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. ரஜாய் என்பது புழக்கத்தில் இருக்கிறது, கடையில் அப்படிக் கேட்டால் எடுத்துப் போடுவார்கள், தப்பில்லை. எழுத்தில் நான் அடுக்குத்தையல் போர்வை என்பேன், இரண்டாம் முறையிலிருந்து அடுக்குப்போர்வை. குயில்ட்டிங்குக்கு அடுக்குத்தையல், பீசிங்குக்குத் துன்னல் அல்லது துண்டிணைப்பு, அப்ளிக்கேவுக்கு ஒட்டுவேலை. பேச்சில் குயில்ட் என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. பழைய பருத்திச் சேலையை நாலைந்தாக மடித்து, ஓரத்திலும் நடுவிலும் நூலோட்டிக் குழந்தைக்கு விரிப்பு தைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நடுவில் பஞ்சு இல்லை என்பதைத் தவிர அதுவும் அடுக்குத்தையல்தான். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர், மராத்தியில் கோதடி, கன்னடத்தில் கௌதி. வட கன்னடக் காட்டுப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் தைப்பது கவந்தி, அதை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். காந்தா என்ற சொல்லும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே அந்தக் கந்தையும் உறவு.

கடையில் எது குயில்ட் என்று பார்க்க ஒரே வழி, திருப்பிப் பார்ப்பது. மேலே துண்டு துண்டாகத் தெரிவது வெறும் அச்சாக இருக்கலாம், அப்படி அச்சடித்த துணிக்கு அமெரிக்கத் தையல்காரர்கள் ஏமாற்றுத்துணி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் வரை தையல் வந்து மூன்று அடுக்கையும் பிடித்திருந்தால் அந்த ஏமாற்றுத்துணியில் செய்ததும் குயில்ட்தான். வருடக்கணக்காக உட்கார்ந்து கையால் துன்னி, அடியும் பஞ்சும் வைக்காமல் மடித்து அலமாரியில் வைத்தது குயில்ட் ஆகாது, அதற்கு அவர்கள் மொழியில் வெறும் டாப்.