முட்டிக்குள் உறங்கும் நரம்புகள்

“எனக்கு 26 வயது. எட்டு மாதமாக வலது முட்டியில் வலி. கீழே விழவில்லை, அடிபடவில்லை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். மாடிப்படி இறங்கினால் வலிக்கிறது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் வலிக்கிறது. டாக்டர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். அத்தையோ, ‘உனக்கே முட்டி வலின்னா நாங்கெல்லாம் என்னடி சொல்றது’ என்கிறார். ஒன்றுமே இல்லையென்றால் எதுதான் சார் வலிக்கிறது? பி.கு.: தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.”

வாசகி ஒருவர் கோபத்தில் எழுதிய கடிதம். ஆனால் ‘எதுதான் வலிக்கிறது’ என்பது எலும்பு மருத்துவர்களே பல காலம் தவறாகப் பதில் சொல்லிவந்த கேள்வி.

முட்டியின் அமைப்பு பள்ளியில் படித்ததுதான். மேலே தொடை எலும்பு, கீழே கணுக்கால் வரை போகும் எலும்பு, முன்னால் சில்லு. எலும்பும் எலும்பும் உரசும் முகங்களில் வழவழப்பான குருத்தெலும்பு. சமதரையில் நடக்கும்போது சில்லைத் தொடை எலும்போடு அழுத்தும் விசை உடல் எடையில் சுமார் பாதி. படி ஏறி இறங்கும்போது எடையைப் போல மூன்று மடங்குக்குப் போய்விடும். குந்தி உட்கார்ந்தால் ஏழு மடங்கு வரை. வாசகிக்குப் படியில் வலித்துச் சமதரையில் வலிக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இப்படிச் சில்லைச் சுற்றி வரும் வலிக்கு மருத்துவத்தில் பட்டெலோஃபெமரல் வலி என்று பெயர். இளவயதினருக்கு மிகச் சாதாரணமாக வருவது.

சரி, வலிப்பது எது? சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஸ்காட் டை என்ற எலும்பு அறுவை மருத்துவர், இதற்கு விடை தேடித் தன் முட்டியையே நீட்டினார். தோலில் துளையிடும் இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. மூட்டுக்குள் எதுவும் இல்லை, மயக்கமும் இல்லை. சக மருத்துவர் உள்ளே கேமராவை விட்டு, ஒரு கருவியால் ஒவ்வோர் இடமாக அழுத்த, டை படுத்தபடியே மதிப்பெண் சொல்லிக்கொண்டு வந்தார். பூஜ்யம் என்றால் உணர்வே இல்லை, நான்கு என்றால் கடும் வலி. இரண்டு முட்டிகளிலும் செய்தார்கள். 1998இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கே கால் கூசியது.

சில்லின் குருத்தெலும்புக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். அவருடைய குருத்தெலும்பு ஏற்கெனவே ஓரளவு நைந்துபோயிருந்தது, அங்கே அழுத்தியும் ஒன்றும் தெரியவில்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது என்பதால் இது நியாயம்தான். ஆனால் சில்லுக்குக் கீழே இருக்கும் சின்னக் கொழுப்புத் திண்டையும், மூட்டின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையையும் தொட்டபோது வலி தாங்கவில்லை. ‘மூட்டு தேய்ந்திருக்கிறதா’ என்று நாம் படத்தில் தேடுவது வலியே தெரியாத பொருளை. வலி தெரிகிற உறையோ படத்தில் பெரும்பாலும் சாதுவாகத்தான் தெரியும்.

அந்த உறையில் இருக்கும் நரம்புகளில்தான் என் மனம் பறிகொடுத்த விஷயம் இருக்கிறது.

1980களில் ஜெர்மனியில் ஹான்ஸ்-கியோர்க் ஷைபிள், ராபர்ட் ஷ்மிட் என்ற இருவர், மயக்கத்தில் இருந்த பூனைகளின் முட்டி நரம்பைத் தனித்தனி இழையாகப் பிரித்து, மூட்டை மடக்கி நீட்டும்போது எந்த இழை மூளைக்குத் தகவல் அனுப்புகிறது என்று அளந்தார்கள். சில இழைகள் லேசாக அசைத்தாலே பேசின. சில இழைகள் மூட்டை வலிக்கிற அளவுக்கு முறுக்கினால்தான் பேசின. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. மின்சாரத்தால் தூண்டினால் துடிப்பு வரும், அதாவது இழைக்கு உயிர் இருக்கிறது. ஆனால் மடக்கினாலும் முறுக்கினாலும் அழுத்தினாலும் சத்தமே இல்லை. நல்ல மூட்டில் இந்த இழைகளுக்கு வேலையே கிடையாது. உறங்குகின்றன.

அடுத்து அந்த மூட்டுக்குள் வெள்ளைக் களிமண்ணையும், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கடற்பாசிப் பொருளான காராஜீனனையும் ஊசி வழியே செலுத்தி வீக்கத்தை உண்டாக்கினார்கள். சில மணி நேரத்தில் உறங்கிய இழைகள் விழித்துக்கொண்டன. முறுக்கியபோதும் வாய் திறக்காதவை, இப்போது சும்மா மடக்கினாலே சரமாரியாகத் துடித்தன. எப்போதும் விழித்திருந்த இழைகளோ முன்னைவிட உரக்கக் கத்தின.

எங்கள் தெரு நாய்களை வைத்து இதை நான் புரிந்துகொள்வேன். சாதாரண இரவில் முனை வீட்டு நாய் மட்டும் குரைக்கும், மற்றதெல்லாம் சுருண்டு கிடக்கும். ஒரு நாள் திருடன் வந்தான் என்று வையுங்கள். அன்று அத்தனையும் எழும். திருடன் போய் ஒரு வாரம் ஆனாலும், விடிகாலையில் வரும் பால்காரரின் சைக்கிள் மணிக்கு மொத்தத் தெருவும் குரைக்கும். அந்த நேரத்தில் தெருவைப் புகைப்படம் எடுத்தால் பூட்டு உடைபடவில்லை, கதவு சரியாக இருக்கிறது, எல்லாம் நார்மல்.

இழைகளை எழுப்புவது யார்? நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வீக்கம் உள்ள இடத்தில் அது சுரக்கிறது. நரம்பு செல்லின் சுவரில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய வாசல் ஒன்று உண்டு, பியேசோ 2 என்று பெயர். உறங்கும் இழைகளிலும் அது இருக்கிறது, ஆனால் வேலை செய்யாமல். நரம்பு வளர்ச்சிக் காரணி பட்டதும் அந்த வாசல் வேலை செய்யத் தொடங்குவதை 2017இல் எலிகளின் நரம்பு செல்களில் காட்டினார்கள். பியேசோ வாசல்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நரம்பு வளர்ச்சிக் காரணியின் கதை இன்னும் ருசியானது. இத்தாலியில் முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தில் இடமில்லாமல் போன ரீட்டா லெவி-மொன்டால்சினி, தன் படுக்கையறையில் கோழி முட்டைகளை வைத்துக்கொண்டு கருவின் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1950களில் அமெரிக்காவில் இந்தப் புரதத்தைக் கண்டார். 1986இல் சக ஆராய்ச்சியாளர் ஸ்டான்லி கோஹனோடு நோபல். முட்டையில் தொடங்கியது முட்டியில் வந்து நிற்கிறது. நம் நாட்டில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதிலும் ‘கோழிக் கரு நரம்பால் மக்களுக்கு என்ன லாபம்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை ரீட்டா எப்படி நிரப்பியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் புரதத்தை முடக்கினால் வலி போய்விடுமே? போகத்தான் செய்தது. டானெசுமாப் என்ற மருந்து முட்டித் தேய்மானக்காரர்களின் வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக அழிந்தது. 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று அதற்கு எதிராக வாக்களித்தது, நிறுவனமும் கைவிட்டது. நாய்களை ஒரேயடியாக விரட்டிவிட்டால் தெருவுக்கு நல்லதில்லை போலிருக்கிறது.

வாசகியின் முட்டியில் நடந்திருப்பது இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உறங்கும் இழை விழித்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் எந்த மருத்துவமனையிலும் இல்லை. எம்ஆர்ஐ காட்டுவது அமைப்பை மட்டும்தான், அதிலும் குழப்பம் உண்டு. அமெரிக்காவில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 50 வயதுக்கு மேற்பட்ட 710 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது 89 சதவீதம் பேரின் முட்டியில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. வலியே இல்லாதவர்களிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். படத்தில் கோளாறு இருந்து வலி இல்லாமல் இருக்கலாம் என்றால், வலி இருந்து படம் சுத்தமாக இருப்பதில் என்ன அதிசயம்? படம் சுத்தம் என்பதை வைத்து ‘மனசுலதான் வலி’ என்று அனுப்பிவைப்பவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு.

ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுமுன் சிலவற்றைக் கவனித்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முட்டி வீங்குகிறதா, காய்ச்சல் உண்டா, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருக்கிறதா, மடக்கிய கால் சிக்கிக்கொள்கிறதா. இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் கெட்டுப்போனது முட்டியில் வலிக்கும், நரம்புப் பாதை அப்படி.

இவை எதுவும் இல்லையென்றால் செய்ய வேண்டியது அலுப்பான வேலை. தொடையின் முன்தசைக்கும் இடுப்புப் பக்கத் தசைகளுக்கும் வாரம் மூன்று நாள் பயிற்சி, மாதக்கணக்கில். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் போதும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை, வராவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். முழு ஓய்வு எடுத்தால் தசை இளைக்கும். அப்புறம் பால்காரர் சைக்கிள்கூட வேண்டாம், காற்றுக்கே நாய் குரைக்கும்.

செம்புக் காப்பு? இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தினர் முடக்குவாத நோயாளிகளுக்குச் செம்புக் காப்பையும் காந்தப் பட்டையையும் மாட்டிச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். போலிப் பட்டையைவிட உருப்படியான பலன் எதுவும் இல்லை. அழகுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பின்குறிப்பு. சம்மணம் போட்டு உட்காரலாம். எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் என்றால் எட்டாவது நிமிடத்தில் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து, அத்தை பார்க்காத நேரமாகப் பார்த்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.