ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும் ரேஸ் வேண்டாம்

"சி.டி. ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சே டாக்டர், ஞாயித்துக்கிழமை ஓட்டலாம்ல?" சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை கார் ரேஸ் டிராக்கில் சீசன் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. டிராக் ஓரத் தடுப்பில் மோதிய பிள்ளையை அதே வாரம் மறுபடி காரில் உட்கார வைக்கத் துடிக்கிறார்கள், அதுவும் பெற்றோரே.

கூடவே கூடாது. சி.டி. காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கி ஏற்படும் பாதிப்பு, அதில் தெரியாது. "மயக்கம் போடலையே" என்பார்கள். கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. "ஹெல்மெட் உடையலையே" என்பார்கள். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், ஹெல்மெட்டோடு இணைத்துத் தோளில் மாட்டும் ஹான்ஸ் கருவி கழுத்தைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை இரண்டும் முழுசாகத் தடுக்காது.

2015 பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அலோன்சோ சுவரில் மோதினார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தும் இன்னொரு அடி படக் கூடாதென்று மருத்துவர்கள் சொன்னதால் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரியை விட்டுக்கொடுத்தார். இரண்டு முறை உலக சாம்பியன் அவர்! அமெரிக்காவின் இண்டி 500 ரேஸை மூன்று முறை வென்ற டாரியோ ஃபிராங்கிட்டி 2013 அக்டோபரில் ஹூஸ்டனில் மோதினார். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்த மாதமே ஓய்வு பெற்றார். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, சிறியதாக இருந்தாலும், மூளையை வீங்க வைத்து உயிரையே பறிக்கலாம். சிறு வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம்.

நம்மூரில் இன்னொரு தொல்லை, வெயில். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாவற்றுக்கும் "வெயில்தான், எலக்ட்ரால் குடிச்சா சரியாயிடும்" என்று காரை நிறுத்தும் பிட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். மோதலுக்குப் பிறகு இவற்றில் எது வந்தாலும் கன்கஷன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்கிறானா, எந்தச் சுற்றில் மோதினான் என்று சொல்லத் தெரிகிறதா, பாருங்கள். அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கண்மணிகளில் ஒன்று பெரிதாவது: இதில் ஒன்று வந்தாலும் உடனே 108. ஆஸ்பிரின், புரூஃபன் தராதீர்கள்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. போன், சிம் (ரேஸ் சிமுலேட்டர்) இரண்டும் வேண்டாம். பிறகு நடை, லேசான உடற்பயிற்சி, சிம், கடைசியில் கார். படிக்கு ஒரு நாளாவது கொடுங்கள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. காரில் ஏறும் முன் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம்கூட ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

மோதிய ஹெல்மெட்டை அடுத்த பையனுக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நுரை ஒருமுறைதான் நசுங்கி அடியை வாங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.